உணவு கேள்வி-பதில்: பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: பாக்கெட் உணவில் சேர்க்கும் நிறம், சுவையூட்டி, கெடாமல் இருக்கப் போடும் பொருட்கள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஆபத்தான ஐஎன்எஸ் எண்கள் (சேர்க்கைப் பொருட்களுக்குப் பாக்கெட்டில் போடும் எண்கள்) என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் எண் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பாக்கெட்டை வாங்க மாட்டேன். 'பிரிசர்வேட்டிவ் இல்லை, செயற்கை நிறம் இல்லை' என்று போட்ட சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் மட்டும்தான் இப்போது வாங்குகிறேன், விலை மூன்று மடங்கு. காலையில் பாலும் அந்த பிஸ்கட்டும், மதிய டப்பாவில் தயிர்சாதமும் சிப்ஸும், சாயங்காலம் நூடுல்ஸ், இரவு தோசையும் பொடியும். வீட்டுக்காரர் வீண் செலவு என்கிறார். நான் செய்வது சரிதானே மேடம்?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கதவிலிருந்து எடுத்துவிடலாம் என்பேன்.

எண் இருந்தாலே விஷம் என்று அர்த்தமில்லை. 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் புளிப்பைக் கொடுப்பது அதுதான். 300 வைட்டமின் சி. 500 என்று இருந்தால் ஆப்பசோடா வகை. 100 என்பது குர்குமின், மஞ்சளுக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் பொருள். 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது, முட்டை மஞ்சள் கருவிலும் இயல்பாகவே இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே பொருளை ஒரே எண்ணால் அடையாளம் காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை பரவாயில்லை என்று முடிவு செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. விலங்குகளுக்கு எந்த அளவு வரை கொடுத்தும் பாதிப்பு தெரியவில்லையோ அந்த அளவைப் பொதுவாக நூறால் வகுத்து, அதைத்தான் மனிதருக்கான தினசரி வரம்பாக வைக்கிறார்கள். இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், நிறங்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் எலுமிச்சைப் புளிப்பையும் செயற்கைச் சாயத்தையும் ஒரே வரிசையில் வைத்திருப்பார். அதை நம்பிக் கடையில் முடிவெடுப்பது சரியாக வராது.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் சாப்பாட்டை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு காய் இல்லை, ஒரு பழம் இல்லை, கீரை இல்லை, தோசை மாவிலும் பொடியிலும் இருக்கும் கொஞ்சத்தைத் தவிர பருப்போ பயறோ இல்லை. எண் உள்ள பிஸ்கட் போய் எண் இல்லாத பிஸ்கட் வந்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்த மாற்றம். பழைய பிஸ்கட் எந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததோ, அதே இடத்தைத்தான் புதியதும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சிறுதானிய பிஸ்கட்டை எடுத்து, சேர்மானப் பட்டியலை மட்டும் படித்துப் பாருங்கள். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் கோதுமை மாவோ மைதாவோ, அடுத்து சர்க்கரை அல்லது வெல்லம், அப்புறம் எண்ணெய் அல்லது வெண்ணெய், அதற்கும் கீழே கேழ்வரகு என்று இருந்தால், முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய கேழ்வரகுக் கதிர் போட்டிருந்தாலும் அது சாதாரண இனிப்பு பிஸ்கட்தான். வெல்லம் என்பதால் கணக்கில் சேராது என்று நினைக்க வேண்டாம், உடலுக்கு அதுவும் சர்க்கரைதான்.

நூடுல்ஸ் பாக்கெட்டில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதை இரண்டரையால் பெருக்குங்கள், 2.5 கிராம் உப்பு. 70 கிராம் பாக்கெட் ஒன்றைச் சாப்பிட்டால் ஒன்றே முக்கால் கிராம் உள்ளே போகிறது. வளர்ந்தவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைக்கு அதைவிடவும் குறைவு. சேர்மானத்தில் ஒரு எண்கூட இல்லாத நூடுல்ஸிலும் இந்த உப்பு இருக்கலாம்.

செலவை வைத்தே ஒரு யோசனை சொல்கிறேன். அந்த பிஸ்கட் பாக்கெட் விலைக்கு அரை டஜன் முட்டையோ, ஒரு கிலோ கொய்யாவோ, அரை கிலோ பச்சைப்பயறோ வாங்கிவிடலாம். காலையில் பிஸ்கட்டுக்குப் பதில் இட்லியோ முட்டையோ, பாலோடு ஒரு வாழைப்பழம். தயிர்சாதம் நல்ல சாப்பாடு, அதை மாற்ற வேண்டாம். சிப்ஸ் இருக்கும் மூலையில் கேரட்டோ பீன்ஸோ தேங்காய் போட்டுப் பொரியலாக வைத்துவிடுங்கள், முதல் வாரம் டப்பா பாதியாகத் திரும்பி வரும், வரட்டும். சாயங்காலம் சுண்டல் அல்லது அவித்த வேர்க்கடலை. இரவு தோசைக்குப் பொடியோடு சாம்பாரும் இருக்கட்டும், அதில் காய் கொஞ்சம் தாராளமாக. இவ்வளவும் செய்த பிறகு வாரத்தில் ஒரு நாள் அவன் சாதாரண கடை பிஸ்கட் நாலு சாப்பிட்டால், அதிலுள்ள எண்களை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

கேள்வி: அஜினோமோட்டோ கெடுதலா இல்லையா? ஓட்டலில் பிரைடு ரைஸ் சாப்பிட்டால் எனக்குத் தலைவலி வருகிறது. மாமியாரோ வீட்டு ரசத்திலேயே ஒரு சிட்டிகை போடுகிறார்.
ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவைதான் இது. லேபிளில் 621 என்று இருக்கும். இதிலுள்ள குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும் இயல்பாகவே உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. கெட்ட பெயர் வந்தது 1968இல். அமெரிக்காவில் ஒரு மருத்துவர், சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையலுக்கு ஊற்றும் மது, உப்பு என்று பலவற்றையும் அவர் சந்தேகப்பட்டிருந்தார். ஆனால் மக்கள் மனதில் நின்றது அஜினோமோட்டோ மட்டும்தான். அதற்குப் பிறகு யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று இரு தரப்புக்கும் தெரியாமல் வைத்துச் செய்த சோதனைகளில் அந்தத் தொந்தரவுகள் ஒரே சீராகத் திரும்ப வரவில்லை. வெறும் வயிற்றில் மூன்று கிராம் அளவுக்குக் கொடுத்தால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, உடம்பு சூடாவது போன்றவை வரலாம். ரசத்துக்குப் போடும் சிட்டிகை அந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம். ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் மட்டும் அதற்குக் கொடுக்கும் ரசத்தில் போடக் கூடாது.

பிரைடு ரைஸுக்கு வருவோம். ஒரு தட்டு வெள்ளைச் சோறு, எண்ணெய், உப்பு நிறைந்த இரண்டு மூன்று சாஸ், மேலே தூவிய நாலு துண்டு முட்டைக்கோஸ். அஜினோமோட்டோவே போடாத கடையிலும் அதே தட்டுதான் வரும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தவிர்த்துவிடுங்கள், அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். கேசரி, சிக்கன் 65 இரண்டுக்கும் கலர் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் கேசரி பவுடர் போடலாமா? எவ்வளவு?
ஒரு வாசகர், மதுரை

பதில்: வந்த கேள்விகளிலேயே ரொம்ப முக்கியமானது உங்களுடையதுதான் ஐயா. நூறு பேர் சாப்பாடு உங்கள் கையில் இருக்கிறது.

சிறு பொட்டலமாக, பெயர் இல்லாமல், உரிம எண் இல்லாமல் வரும் கலர் பொடியை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். அதில் துணிக்குப் போடும் சாயம் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. அது உணவுக்கானதே அல்ல, துணிக்கும் காகிதத்துக்கும் போடுவது. புதுச்சேரி அதற்கு முன்பே தடை போட்டுவிட்டது, மார்ச்சில் கர்நாடகம் பஞ்சு மிட்டாய்க்கும் கோபி மஞ்சூரியனுக்கும் கலர் போடுவதை நிறுத்தியது. மஞ்சள் தூளிலும் துவரம் பருப்பிலும் கலக்கப்படும் மெட்டானில் மஞ்சளும் இதே ரகம். இதெல்லாம் கலப்படம். பாக்கெட்டில் எண் போட்டு, அளவுக்கு உட்பட்டுச் சேர்ப்பது வேறு விஷயம். நம் ஆட்கள் எண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டு, எண்ணே இல்லாத பொட்டலத்தை நம்பி வாங்குவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அனுமதித்த நிறங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் எட்டு செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி, அதுவும் எல்லா உணவுக்கும் இல்லை. இனிப்பு வகைகளுக்குப் போடலாம், பொதுவாக கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, அண்டாவில் கேசரி கிண்டும் இடத்தில் கண்ணளவாக அதை அளக்க முடியாது. சிக்கன் 65க்குப் போடவே கூடாது. கபாப் வகைகளில் செயற்கை நிறம் போடுவதற்கு கர்நாடகம் 2024 ஜூனில் தடை விதித்ததும் இதனால்தான்.

அனுமதித்த நிறமாக இருந்தாலும் குழந்தைகள் விஷயத்தில் நான் தயங்குவேன். 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வயது, எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குச் சில செயற்கை நிறங்களையும், கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகத் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. பெரிய மாற்றம் இல்லை, எல்லாக் குழந்தைகளுக்கும் வரவும் இல்லை. ஆனாலும் 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் அந்தச் சோதனையில் இருந்த ஆறு நிறங்களில் ஒன்று இருந்தால், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போட வேண்டும். நிறத்தால் சத்தும் கூடாது, பொருளும் கெடாமல் இருக்காது. பார்வைக்கு மட்டும் இருக்கும் ஒன்றுக்காக அந்தச் சின்ன ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

கேசரிக்கு ரவை வறுக்கும் நெய்யிலேயே ஒரு துளி மஞ்சள் தூள் போட்டால் நல்ல மஞ்சள் வரும், வாசனை தெரியாது. விலை கட்டுப்படியானால் வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ. சிக்கனுக்குக் காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துப் போடுங்கள், காரம் ஏறாமல் சிவப்பு பிடிக்கும். ஆர்டர் எடுக்கும்போதே 'எங்கள் சமையலில் கலர் கிடையாது' என்று சொல்லிவிட்டால், அதற்காகவே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: பிரெட்டில் 282 என்று இருக்கிறது. போடாத பிரெட் எங்கே கிடைக்கும்?
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 282 கால்சியம் புரோப்பியோனேட். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த ரொட்டிதான் அதைவிடப் பயப்பட வேண்டியது. ரொட்டி விஷயத்தில் நிஜமாகப் பயமுறுத்திய பொருள் மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட், அதை 2016லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு வரி. 'கோதுமை பிரெட்' என்று எழுதியிருக்கும், திருப்பினால் முதல் பொருள் மைதா, கடைசிப் பக்கமாக 150 என்று ஒரு எண், அது கேரமல் நிறம். கெடுதல் என்று சொல்லவில்லை. மைதா ரொட்டிக்குத் தவிட்டு நிறம் கொடுத்து உங்களிடம் விற்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. முதல் பொருளாக முழு கோதுமை மாவு இருப்பதை வாங்குங்கள்.

கேள்வி: அல்ட்ரா பிராசஸ்ட் உணவு கெடுதல் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். கெடுதல் அந்தச் சேர்க்கைப் பொருட்களாலா, இல்லை உப்பு, சர்க்கரை, எண்ணெயாலா?
ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் இதில்தான் மோதிக்கொண்டிருக்கிறார்கள். அல்ட்ரா பிராசஸ்ட் என்றால், வீட்டுச் சமையலில் இல்லாத பொருட்களையும் சேர்த்து ஆலையில் மிக அதிகமாகப் பதப்படுத்திய உணவு. உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறது என்பதை வைத்து வகைப்படுத்தும் முறையை பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் 2009 வாக்கில் கொண்டுவந்தார்கள். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் ஒரு சோதனை செய்தார். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்ட் உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, சோடியம் எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். முதல் வகையில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை, ஒரு வாயிலேயே நிறைய கலோரி, வயிறு நிறைந்த சேதி வருவதற்குள் தட்டு காலி. இதில் எந்த ஒரு எண்ணையும் குற்றவாளி என்று காட்ட முடியாது.

அதற்காகச் சேர்க்கைப் பொருட்கள் எல்லாம் சுத்தம் என்று நான் சான்றிதழ் தரவில்லை. எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கப் போடும் எமல்சிஃபையர்களைப் பற்றி பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. 92,000 பேரின் உணவுக் குறிப்புகளை வைத்து 2024இல் வெளியிட்டதில், 471, 407 போன்றவற்றை அதிகம் உட்கொண்டவர்களுக்குச் சில புற்றுநோய்கள் சற்று அதிகமாகத் தெரிந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிரூபிக்கவில்லை, ஏனென்றால் அவற்றை அதிகம் சாப்பிடுகிறவரின் மற்றச் சாப்பாடும் வேறு மாதிரி இருக்கும், கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் அது முழுவதும் போகாது. இன்னொரு பக்கம், அல்ட்ரா பிராசஸ்ட் பட்டியலில் இருக்கும் எல்லாமே ஒரே மாதிரி கெடுப்பதில்லை என்பதும் அமெரிக்க ஆய்வுகளில் தெரிகிறது. சர்க்கரைப் பானங்களும் பதப்படுத்திய இறைச்சியும் மோசமாக நிற்கின்றன, முழுதானிய ரொட்டியும் தயிரும் அப்படி நிற்கவில்லை.

2017ஆம் ஆண்டை வைத்து உலக அளவில் போட்ட கணக்கு ஒன்று உண்டு. சரியில்லாத உணவால் ஒரே ஆண்டில் 1.1 கோடி மரணங்கள். முன்னணிக் காரணங்கள் மூன்று: உப்பு அதிகம், முழுதானியம் குறைவு, பழம் குறைவு. மூன்றில் இரண்டு, சாப்பிடாமல் விட்டவற்றைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் எதைத் தவிர்ப்பது என்று கேட்கும் நீங்கள், எதைச் சேர்ப்பது என்று கேட்டால் வேலை சுலபமாகும்: தினம் ஒரு பழம், காலையில் ஒரு முட்டை அல்லது ஒரு கை சுண்டல், சாம்பாரில் மிதக்கும் காயை ஒதுக்காமல் சாப்பிடுவது. வயிற்றில் இடம் குறைந்தாலே சிப்ஸ் பாக்கெட் தானாகக் குறையும்.

கேள்வி: சுகர் உள்ள என் அப்பா காபிக்கு ஒரு சுகர்-ஃப்ரீ மாத்திரை போடுகிறார். புற்றுநோய் வரும் என்று செய்தி பார்த்ததிலிருந்து வீட்டில் சண்டை.
ஒரு வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் பார்த்தது 2023 ஜூலை செய்தி. இப்படிப்பட்ட மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு என்ற பிரிவில் வைத்தது. அதே நாளில் அளவை முடிவு செய்யும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ உள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். இரண்டு வேளை காபியில் இரண்டு மாத்திரை என்பதற்குச் சண்டை வேண்டாம். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் சர்க்கரை இல்லாத காபிக்கே நாக்கு பழகிவிடும்.

சண்டை போடுவதானால் மதியத் தட்டுக்குப் போடுங்கள். நம் நாட்டில் தினசரி கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவுடன் நடந்த பெரிய ஆய்வு சொல்கிறது. காபியில் மாத்திரை போட்டுவிட்டு, மதியம் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று மூன்று முறை போட்டுக்கொண்டால் சர்க்கரை எப்படி இறங்கும்? சோற்றை ஒரு முறையோடு நிறுத்தி, கூட்டும் பொரியலும் அதைவிட அதிகமாக வையுங்கள்.

கேள்வி: வயது 68, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடைப் பண்டம் எதையும் தொடுவதில்லை. வீட்டிலேயே போட்ட மாவடு, நார்த்தங்காய், மோர்மிளகாய், அப்பளம் மட்டும்தான். அதனால் எனக்குப் பயமில்லை அல்லவா?
ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஊர் மாவடுவின் ருசி எனக்கும் தெரியும் ஐயா, அதனால் இதைச் சொல்லச் சங்கடமாகவே இருக்கிறது. அந்த நாலும் நாட்பட கெடாமல் இருப்பதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கடைக்காரர் பென்சோயேட் போடும் இடத்தில் நம் பாட்டிமார் உப்பை அள்ளிப் போட்டார்கள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு வீட்டு உப்பு, கடை உப்பு என்ற வித்தியாசம் கிடையாது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் அதில் சோடியம் இரண்டு வழியாக வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு நாலில் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவடு எடுத்த நாளில் அப்பளம் வேண்டாம், மாவடுவும் ஒன்று போதும், அதன் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். மோர்மிளகாய்க்கு இருக்கும் இடத்தில் எண்ணெயில் வதக்கிய பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும், மோரில் தட்டிப் போட்ட இஞ்சியும் ருசியைப் பார்த்துக்கொள்ளும். சோறு வடிக்கும்போது உப்பு போடும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். அடுத்த முறை போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்த உப்பு பாக்கெட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.